ஆக்கம்: சுந்தர்ராமன்

9 ஜனவரி 1994
சிந்தசைசர் பேசுகிறது. அதாவது, கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வருகிறது. வெயில் ஏறினால் சுருதியும் கூடவே ஏறுகிறது. மரப்பெட்டி முடிந்தது. இனி முன்னால் அலுமினியத் தகடு மாட்டி, குமிழ்களைப் பொருத்தவேண்டும். தகட்டின் ஓரத்தில் என் பெயர். ஒட்டுவதல்ல, வெட்டுவது. போன வருஷக் கல்லூரிக் கண்காட்சியில் நான் செய்த ஆம்ப்ளிஃபயர்மேல் ஓர் அட்டை நின்றது: ‘ஆக்கம்: இயற்பியல் துறைத் தலைவர் சிவசண்முகம்.’ கேட்டதற்கு, “டிபார்ட்மென்ட்னா நாந்தானே வே” என்றார். அட்டையை மாற்றலாம். அலுமினியத்தை என்ன செய்வார்?

13 ஜனவரி
மேலப்பாளையத்தில் மதார் பட்டறையில் தகட்டுக்குத் துளை போட்டாயிற்று. வரிசையாக வட்டங்களைப் பார்த்து, “ஒரு ஈட்டுக்கு எத்தன இட்லி சார் வேவும்?” என்றார். இந்த ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நக்கலுக்கு வராது.

14 ஜனவரி
பொங்கல். ஒரு குமிழின் தண்டு துளைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. அரம் போட்டுத் தேய்த்தேன். மனைவி ஜயம், “நல்ல நாளும் அதுவுமா கர்ருபுர்ருன்னு!” என்றாள்.

19 ஜனவரி
சிவசண்முகத்தின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை என் மேஜைமேல் வைத்து, “குடும்பத்தோட வந்துரணும் வே” என்றார். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். ஆனால் அன்பளிப்பு வாங்க நான் கடை ஏறமாட்டேன், ஜயம் போகட்டும். தகட்டையும் அவளிடமே கொடுத்தேன். டவுன் பாத்திரக்கடையில்தானே பெயர் வெட்டுகிறார்கள். சீட்டில் குமிழ்களுக்குச் சுருதி, ஒலி, அலை என்று எழுதி, ஓரத்துக்கு ‘ஆக்கம்: சுந்தர்ராமன்’.

22 ஜனவரி
சுருதி, ஒலி, அலை – குறையில்லை. ஓரத்தில்:
‘சிவசண்முகம் இல்லத் திருமணத்துக்கு சுந்தர்ராமன் – ஜயலக்ஷ்மி அன்பளிப்பு.’
அன்பளிப்புக்கு வாங்கிய எவர்சில்வர் குடத்திலும் அதே வாசகம்.
ஜயத்தைக் கேட்டேன். “கடைக்காரர், ‘ஆக்கம்னா சோறு ஆக்குததாம்மா? கல்யாணப் பாத்திரத்துல அதெல்லாம் போடமாட்டாவ’ன்னார். யாருக்கு அன்பளிப்புன்னு கேட்டார். குடத்தைத்தான் கேக்கறார்னு நெனச்சுச் சொல்லிட்டேன்!”
அவருக்கும் அது இட்லித்தட்டு! நான் போயிருந்தால் – சரி, போகவில்லை. புள்ளி புள்ளியாக இறங்கிய எழுத்து, தேய்த்தாலும் போகாது. கண்காட்சிக்குள் வேறு தகடு தயாராகாது.

27 ஜனவரி
மாட்டிவிட்டேன். அன்பளிப்பின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

28 ஜனவரி
கண்காட்சி. சிவசண்முகம் கூட்டத்தோடு வந்தார். “என்ன வே, சுளுக்குக்குப் பத்துப் போட்ட மாதிரி?” என்று டேப்பை உரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.
“எம் மவளுக்கா? ஒம்ம கையால செஞ்சீரா வே?”
கண் கலங்கியிருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது? நீர் திருடாமலிருக்கத்தான் பெயர் வெட்டக் கொடுத்தேன் என்றா?
மைக்கைப் பிடித்தார். “இது நம்ம சுந்தர்ராமன் ஒத்தையாளா செஞ்சது. எனக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது.”
கைதட்டல். இத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம். நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

6 பிப்ரவரி
கல்யாணம். சிந்தசைசரைக் கொடுத்தாயிற்று. குடம் எங்களுக்கே மிஞ்சியது. தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் அவர் பெயர்.

20 மார்ச்
புதுத் தகடு தயார். இந்த முறை நானே கடையில் நின்று, வெட்டி முடியும்வரை கண்ணெடுக்கவில்லை. ‘ஆக்கம்: சுந்தர்ராமன்.’ பெட்டியைச் சரிபார்க்க எப்படியும் கூப்பிடுவார். சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

17 ஏப்ரல்
கூப்பிட்டார். “சுருதி ஏறிட்டு வே.” மகள் பம்பாய் போய்விட்டாள், அவ்வளவு பெரிய பெட்டியை ரயிலில் ஏற்ற முடியாமல் அப்பா வீட்டிலேயே விட்டிருக்கிறாள். பழைய தகட்டைக் கழற்றினேன். புதியது பையில். சிவசண்முகம் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.
“பையப்பைய, பாத்து வே, எழுத்துல கீறல் விழுந்துராம. அவ போனப்பொறம் வீட்ல சத்தம்னு இது ஒண்ணுதான்.”
காப்பி வந்தது. மோசம் என்று எழுத ஆசை. நன்றாகத்தான் இருந்தது.
சுருதியை இறக்கிவிட்டு, பழைய தகட்டையே மாட்டிவிட்டு வந்தேன். ஜயம் கேட்டதற்கு, புதியதில் துளை சரியாகப் பொருந்தவில்லை என்றேன்.