நீ சொன்ன விதம்

அன்புத் தங்கச்சிக்கு,

நம் வீட்டு மொழிக்கு எழுத்து இல்லாததால் இதை ஊர் மொழியில்தான் எழுதுகிறேன். நான் நலம். கண்ணாடி மட்டும் மாற்றியிருக்கிறேன்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் நம் பேச்சைப் பதிவு செய்ய வந்தாள். வீட்டில் வேறு யார் பேசுவார்கள் என்று கேட்டாள். என் மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரவில்லை. அதனால் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து நானே பேசினேன்.

"ஐயா, ‘ச’வை நீங்க ரெண்டு விதமா சொல்றீங்க" என்று பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"எனக்கு ஒன்னாத்தானே கேக்குது?"

"அப்படித்தான் கேக்கும். இதுக்கு மாற்றொலின்னு பேரு. ‘கல்’லுலயும் ‘தங்கம்’லயும் வர்ற ‘க’ மாதிரி. வித்தியாசம் வெளியாளுக்குத்தான் தெரியும். ஊர் மொழி பேசும்போதும் உங்களுக்கு அது வந்துடுது."

என் கல்யாணத்தில் நீ ஊர் மொழியில் வரவேற்றுப் பேசியபோது என் ஆபீஸ்காரர்கள் சிரித்தார்களே, நினைவிருக்கிறதா? எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அன்று எனக்குப் புரியவில்லை. இருந்தும் சேர்ந்து சிரித்தேன். நீ சாப்பிடாமலே கிளம்பிவிட்டாய். பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் இல்லாத நேரத்தில் என்னைப் பற்றியும் சிரித்திருப்பார்கள்.

அந்தப் பெண் மறுபடி வருகிறாளாம். பேச இன்னொருவர் வேண்டுமாம். உன்னைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

‘மன்னித்துவிடு’ என்பதற்கு நம் மொழியில் என்ன சொல்வோம்? மூன்று நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. உனக்குத் தெரிந்தால் போன் செய்து சொல்.

உன்
அண்ணன்