செங்குத்தில் இறங்கச் சொன்னவர்

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் விடுதி விருந்தினர் சைக்கிளில் காட்டு மலையைச் சுற்றிவர நான் ஒரு பாதை வகுத்தேன்: செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்குவது. மேனேஜர் அதைத் தலைகீழாக்கினார். செங்குத்தில் பறந்து இறங்கினால்தான் விளம்பரப் படம் எடுப்பாக இருக்குமாம்.

"ஈர இலை வழுக்கும் சார்," என்றேன்.

"எங்க, நீயே இறங்கிக் காட்டு."

இறங்கினேன், விழுந்தேன். சிராய்ப்புதான். ஓடிவந்த மேனேஜர் என்னைத் தாண்டிப்போய்க் குனிந்து, "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேலை போனாலும் சரி, நாளை விருந்தினரை என் வழியில்தான் அனுப்புவேன்.

உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். இங்குள்ள கட்டுத்துணி உறுத்துகிறது. கையெழுத்து கோணல் என்று திட்டாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன்.