கேன்டீனில் ஒளித்து வைத்த ரியர் அட்மிரல்

என் செல்ல அண்ணா, ரியர் அட்மிரல் ஐயா அவர்களே,

முதலில் நல்ல சேதி. உன் தங்கையின் வால்வு பாஸ் ஆகிவிட்டது! ஓசூர்ப் பட்டறையில் இன்று எல்லோருக்கும் மைசூர்பாகு. உனக்குச் சர்க்கரை இருந்ததால் உன் பங்கையும் நானே சாப்பிட்டுவிட்டேன்.

மத்தூர்க் கிணற்றில் நீச்சல் பழகிய நீ கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறைக்குள் நுழைந்து, படிப்படியாக உயர்ந்து, தோளில் தங்கப் பட்டையோடு வீட்டுக்கு வந்து நின்றபோது அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? "ஏன்டா, இத்தினி வருசமா கடலப் பாத்துக்கினே இருக்க, சலிக்கலயா?" "எஞ்சின் ரூம்ல ஜன்னலே கிடையாதும்மா" என்றாய். அம்மாவுக்கு அப்படியொரு ஏமாற்றம். ஊரில் கடைசிவரை உன்னை 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் எனக்கு நீ செய்த கொடுமை கொஞ்சமா? நான் வால்வு செய்கிறவள். நீ கப்பலுக்கு வால்வு வாங்கும் இடத்தில் இருந்தவன். "நான் யூனிஃபார்ம்ல இருக்கற வரைக்கும் உன் பட்டறையிலேர்ந்து ஒரு போல்ட்டுகூட கப்பலுக்குள்ள வரக் கூடாது" என்றாய். சரி. ரிட்டயர் ஆன பிறகும், "என் ஜூனியருங்க இன்னும் இருக்காங்க" என்று தடுத்தாய். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் கொஞ்சம் இறங்கி வந்தாய். "என் பேரச் சொல்லாம ஆர்டர் வாங்கிக் காட்டு, பாக்கலாம்." அப்போதும் அந்தக் குறும்புச் சிரிப்பு.

இந்த ஆண்டு கார் கம்பெனி வேலை குறைந்துவிட்டது. கப்பல் ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. துணிந்து டெண்டர் போட்டேன்; மாதிரி வால்வு பாஸ் ஆனால் ஆர்டர் நமக்கு. மாதிரி வால்வைச் சோதிக்கக் கடற்படை அதிகாரி வருகிறார் என்றதும், ஆபீஸ் சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றினேன். பேரிகையிலிருந்து வரும் சூப்பர்வைசர் மஞ்சுளா அதைக் கேன்டீனில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

"சாருக்கு அங்க புழுக்கமா இருக்குமே மேடம்?"

"எஞ்சின் ரூம்ல இருந்தவருதான், தாங்குவாரு" என்றேன்.

வந்தவர் ஒரு கமாண்டர், கோலார்க்காரர். வால்வுக்குள் தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்தார்கள். ஏறி நின்ற கேஜ் முள் அதன்பின் இறங்கவே இல்லை, அசையவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. "பாஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கேன்டீனுக்குள் போனவர், அப்படியே அட்டென்ஷனில் நின்றுவிட்டார். சமையலுக்கு அரிசி எடுத்தவர்கள் மூட்டையை நகர்த்தியிருக்கிறார்கள்!

"இவரு எங்க சார் ஆச்சே மேடம்! இங்க எப்படி?"

"எங்கண்ணன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உடனே பாஸ் பண்ணியிருப்பீங்களா?"

"இல்ல மேடம். ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணியிருப்பேன். இல்லன்னா சார் என்னை விட்டிருக்க மாட்டாரு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப வாங்க, இன்னொரு தடவ பண்ணிடலாம்" என்று சாப்பாட்டை ஆற விட்டுவிட்டு அவரை இழுத்துப் போனேன். மஞ்சுளா உன் படத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நீயும் பார்த்தாய்தானே? முள் அசையவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. நீ இருந்திருக்கலாம், அண்ணா.

ஒன்று மட்டும் சத்தியம். நம் வால்வு பொருத்திய கப்பல் கடலில் இறங்கும் நாளில் நான் போவேன். உன் பேரைச் சொல்லி முன்வரிசையில் நாற்காலி கேட்க மாட்டேன். கூட்டத்தோடு நின்றே பார்ப்பேன். கைப்பையில் உன் சின்னப் படம் ஒன்று இருக்கும். கப்பல் நகரும்போது வெளியே எடுத்துப் பிடிக்கிறேன். ஜன்னலில்லாத அறையிலேயே காலத்தைக் கழித்தாய், அன்றைக்காவது கடலை நன்றாகப் பார்.

உன் பேரைச் சொல்லாமலே ஜெயித்த தங்கை,
சரசு