வெறும் தண்ணிக் குழாய்

இன்று பரிசோதனைக்கூடக் குளிர்பெட்டியை ஒழித்துத் துடைக்கும்போது அடித்தட்டில் ஒரு சின்னச் சோதனைக்குழாய் அகப்பட்டது. மேலே உன் கோணல் எழுத்து: 'வெறும் தண்ணி'. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது.

நான் தாமிரபரணியின் மேல்கரை அம்பாசமுத்திரம், நீ அது கடலில் சேரும் புன்னைக்காயல். கல்லூரியில் ஒரே பெஞ்சு. பிறகு பாளையங்கோட்டையில் ஒரே பரிசோதனைக்கூடம். ஆய்வை நான் நடத்தினேன், இரத்தம் எடுத்து அணுக்களைப் பிரிப்பது உன் வேலை. பாக்டீரியா செத்து உடைந்த பிறகும் அதன் செல்சுவர்த் துண்டுகள் நம் வெள்ளை அணுக்களுக்குள் கிடக்குமா, வயது ஏற ஏறச் சேருமா என்பதுதான் கேள்வி. துண்டு இருந்தால் பச்சையாக ஒளிரவைக்கும் மருந்து ஒன்றை விட்டுப் பார்த்தோம். முதல் பெரியவரின் இரத்தத்திலேயே நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகள் மின்னின. அவரோ நோய்நொடி இல்லாத மனிதர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெளி அழுக்கு கலந்துவிட்டது என்று நினைத்து, எல்லாரும் இருக்கும்போதே உன்னிடம் கேட்டேன்: "கைய ஒழுங்கா கழுவுனியாட்டி?"

"அம்பாசமுத்திரத்துல நீங்க குளிச்ச தண்ணியத்தான் புன்னக்காயல்ல நாங்க குடிச்சோம். சுத்தத்தப் பத்தி எனக்கா சொல்லுத?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப்போனது.

மறுநாளிலிருந்து இரத்தத்துக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் வைத்தாய். அதே மருந்து, அதே கண்ணாடி, அதே கை. உன் கையில் அழுக்கிருந்தால் தண்ணீரிலும் புள்ளி தெரிய வேண்டும். மூன்று நாள் பார்த்தோம். இரத்தத்தில் பச்சை, தண்ணீரில் கறுப்பு, வேறொன்றுமில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அத விடுட்டி, அடுத்த குழாய எடு" என்றாய்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் பெரிய மருத்துவர் ஒருவர், அழுக்கு கலந்திருக்காதா என்று கேட்டார். நீ எடுத்த தண்ணீர்க் குழாயின் கறுப்புப் படத்தைத் திரையில் போட்டேன். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டி உட்கார்ந்தார். ஒன்றுமே இல்லாத அந்தப் படத்தைப் போல வேறெதையும் நான் இவ்வளவு பெருமையாகக் காட்டியதில்லை. எடுத்தவள் என் சிநேகிதி என்றும் சொன்னேன்.

வயதான உடம்பில் அந்தத் துண்டுகள் என்ன செய்கின்றன என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தினமும் முதலில் தண்ணீர்க் குழாயை நானே வைக்கிறேன். உன்னைப் போலவே அதன்மேல் 'வெறும் தண்ணி' என்று எழுதுகிறேன். கை கழுவினாயா என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை.