மேசைக்கு அந்தப் பக்கம்

தோழிக்கு,

இன்று காலை குளிர்காலத் துணிகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியின் அடித்தட்டில் யூனியன் கொடுத்த அந்தச் சிவப்பு டீ-ஷர்ட் கைக்கு வந்தது. இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம் போல அவ்வளவு பெரிய அளவு. "கோட்டுக்கு மேலால போடவேணும், சின்னதை எடுத்து என்ன செய்யப் போறீர்?" என்று என் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு இதைத் திணித்தவள் நீ. துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ என்னை முதன்முதலில் 'நீர்' என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நாகர்கோவில் பக்கம் ஆம்பிளைகள் முறைத்துக்கொள்ளும்போதுதான் 'நீரு' வரும். யாழ்ப்பாணத்தில் அது சிநேகிதம் என்று நீ சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், இதய நோயாளிகள் வார்டில் நாம் இருவர்தான் தமிழ் நர்ஸுகள். எடிசன் நகரில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்று தெரிந்த மறுநாளே உன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டாய். மாடியின் யூனியன் டெலிகேட்டும், அதாவது பிரதிநிதியும், நீயே.

இந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்ற அந்த வேலைநிறுத்தம் மூன்று வாரம் நடந்தது. ஒரு நர்ஸுக்கு நாலு நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதுதான் நம் கோரிக்கை; கடைசியில் வென்றோம். பனி கொட்டிக்கொண்டிருந்த நடைபாதையில் நீ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து பிலிப்பைன்ஸ்காரிகளுக்கும் ஜமைக்காக்காரிகளுக்கும் காகிதத் தட்டில் பரிமாறினாய். அதற்கு முந்தின வருஷம்தான் என் வீட்டுக்காரருக்கு ஐ.டி. வேலை போயிருந்தது. பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடு என் வேலையில்தான்; அது நின்றுபோகாமல் காத்தது யூனியன். யூனியன் மட்டும் இல்லையென்றால் நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்போம். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அதனால்தான், நாலு வருஷம் கழித்து டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "நர்ஸ் மேனேஜர் ஓய்வு பெறுகிறார், நீ அப்ளை பண்ணு" என்றபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகம் வந்தது. மேனேஜர் ஆனால் யூனியனில் இருக்க முடியாது. பதினொரு வருஷ சீனியாரிட்டி ஒரே கையெழுத்தில் போய்விடும். நேற்றுவரை பக்கத்தில் நின்றவர்களுக்கு நாளை மெமோ கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒன்றுதான் சொன்னார்: "ஆள் குறைக்கும்போது உன்னை யாரும் காப்பாத்த மாட்டாங்க. யோசிச்சுக்கோ."

இரண்டு வாரம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து காரில் போய்வந்தும் உன்னிடம் சொல்லவில்லை. கடைசியில் நீதான் ஓக் ட்ரீ ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாய்.

"உம்மை மேனேஜர் வேலைக்குக் கேட்டிருக்கினமாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கோபப்படுவேன்னு பயந்தேன்."

"கோவம் வரும்தான். ஒரு கிழமை கதைக்காமலும் இருப்பன். அது வேற." பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீ நகரவே இல்லை. "நான் எட்டு வருசமா அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கத்துறன். அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தருக்கும் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாது. தெரிஞ்ச ஒராள் அங்க போனால் எனக்கு நல்லம்தானே?"

நான் அழுதுவிட்டேன். நீ வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "ஆனா உம்மை நான் விடமாட்டன். பிழை விட்டால் எழுதித்தான் போடுவன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நான் மேனேஜரான மூன்றாம் மாதமே என் மேல் எழுத்தில் புகார் கொடுத்தாய்.

மற்ற மாடியில் ஆள் குறைந்தால் நம் மாடியிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை அது, முறை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். நான் ஒரே வாரத்தில் மூன்று தடவை லிசியை அனுப்பியிருந்தேன், அந்தக் கோட்டயத்துப் பெண்ணை. புகாரை விசாரித்த கூட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, யாரோ அந்நியரிடம் பேசுவது போல என்னை 'மேடம்' என்று விளித்து, தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தாய். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே! எழுதிக் கொடுக்கணுமா?"

"ஏன் அவளை அனுப்பினீர்? அதைச் சொல்லும்."

பதில் தெரிந்துதான் கேட்டாய். மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், லிசி "ஓகே" என்று போய்விடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் லிசி போலத்தான் இருந்தேன். அப்போது எனக்காக வாயைத் திறந்தவள் நீ.

நாலு நாள் நான் பஸ்ஸில் போனேன். ஐந்தாம் நாள், யார் எப்போது போக வேண்டும் என்று முறைப் பட்டியல் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினேன். அன்று மாலை வாசலில் உன் கார் நின்றது. கதவைத் திறந்துவிட்டு, "ஏறும், குளிருது" என்றாய்.

பல வருஷம் கழித்து உனக்கே இதய நோய் வந்தபோது நம் மாடியிலேயே படுக்கை வேண்டும் என்று அடம்பிடித்தாய். கடைசி வாரத்தில் குரல் கம்மிவிட்டது. ஒரு மத்தியானம் தலையணையைச் சரிசெய்ய வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "இண்டைக்கு ஒராளுக்கு எத்தனை நோயாளி?"

"நாலு."

"உண்மையாவோ?"

"ஷிப்ட் பலகையைக் கொண்டுவந்து காட்டவா?"

சிரித்தாய். "வேண்டாம். உம்மை நம்பலாம்" என்றாய். இருபது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களை எல்லாம் அதன் பக்கத்தில் வைக்க முடியாது.

நீ போனபிறகு நாலு மாதம் மாடிக்குப் பிரதிநிதி இல்லை. யாரும் முன்வரவில்லை. மேனேஜராக நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் சொல்வது எல்லாம் சரி என்று ஆனதும் எனக்கே என்மேல் பயம் வந்தது. யூனியன் விஷயத்தில் நான் தலையிடவும் கூடாது. பேசாமல் காத்திருந்தேன்.

போன மாதம் லிசி என் அறைக்கு வந்தாள். நிற்கவில்லை, நான் சொல்லும் முன்னே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானாக்கும் இனி டெலிகேட்" என்றாள், மலையாளம் கலந்த தமிழில். மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தாள். பிறகு, மாலை ஷிப்டில் ஒரு ஆளைக் குறைக்க மேலிடம் போட்டிருக்கும் திட்டத்தைப் பற்றி என்னிடம் ஏழு கேள்வி கேட்டாள். நாலுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மிச்சம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நான் டைரக்டரிடம் போனேன். வாதம் நீண்டது. கடைசியில் திட்டத்தை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் போதும், அதற்குள் லிசி இன்னும் நன்றாகச் சண்டை போடக் கற்றுக்கொள்வாள்.

என்னை எதிர்த்து ஒருவர் எழுதினால் அவர் என்னை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது அப்படி நினைப்பதில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்ததில் பெரியது இதுதான். வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு லிசி வருகிறாள். இரண்டு காபி வாங்கி வைக்கிறேன். ஆறிப்போகும்வரை வாதாடுகிறோம்.