தூணுக்கு வெள்ளை அடிக்கவிடாதே

ஸ்பிரிங்வேல்,
14.10.2012

அன்புள்ள மகள் சுலக்சனாவுக்கு,

இங்கே நான் சுகம், அம்மாவும் சுகம். அவவின் கோபம் எங்கள் இருவரையும்விடச் சுகம். போனில் பேசினால் பறித்துவிடுவா என்பதால் எழுதுகிறேன்.

கணக்கியலை விட்டுக் கலை வரலாறு எடுத்த நீ, அம்மா அழுகிறா என்பதற்காகத் திரும்பவும் கணக்கியலுக்கே போகப்போவதாகச் சொன்னாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ எனக்காகத் தமிழில் சுருக்கி அனுப்பிய கட்டுரையை, பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் குப்புற விழுந்த இந்தத் தலை பல தரம் வாசித்தது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன், இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர்களைத் தோண்டினார்கள். ஐரோப்பாவில் அப்போது எங்கே பார்த்தாலும் தங்கப்பூச்சும் சுருள்வேலையும், நம்மவர் கலியாண மேடை மாதிரி. அதில் அலுத்தவர்கள் பழைய கிரேக்க, ரோமானிய அளவுகளைப் பிடித்து, நேராகவும் அடக்கமாகவும் புதிதாகச் செய்தார்கள். அதுதான் நவசெவ்வியல். ஆனால் மண்ணும் மழையும் நிறத்தைத் தின்றுவிட்டதால், பழசெல்லாம் வெள்ளை என்று நம்பிவிட்டார்கள். கிரேக்கர்களோ சிலைக்கும் கோயிலுக்கும் நல்ல சிவப்பும் நீலமும் பூசியிருந்தார்களாம்.

அதை வாசித்த பிறகு நம் வாசலில் நிற்கும் இரண்டு வெள்ளைத் தூண்களையும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போன சனிக்கிழமை சிவப்பும் நீலமும் மஞ்சளும் அடித்துவிட்டேன். கோடுகள் கொஞ்சம் குடித்து வெறித்தவன் நடை மாதிரித்தான் வந்தன. பக்கத்து வீட்டு வியட்நாம்காரர் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அம்மா பின்கதவால் போய்வருகிறா.

பிளாக்டவுனிலிருந்து ஐயாத்துரை மாமா போன் எடுத்தார். “அத்தான், சிலை பாக்கிற படிப்பு ஆருக்குச் சோறு போடும்? பிள்ளையைத் திருப்பிவிடுங்கோ” என்றார்.

“சோறு நான் போடுறன். அவள் படிக்கட்டும்” என்றேன்.

மாமாவோடு கதைக்கும்போது என் குரல் நடுங்காதது அதுதான் முதல் தடவை.

அம்மாவின் அழுகையை என்னிடம் விடு. இவ்வளவு காலம் என்னையே பொறுத்தவ, உன் படிப்பையும் பொறுப்பா.

முன்பு வாங்கிய வெள்ளைப் பெயின்ற் வாளி கராஜில் இன்னும் இருக்கிறது. நீ கணக்கியலுக்குத் திரும்பினால், இரண்டு தூணுக்கும் என் கையாலேயே வெள்ளை அடிப்பேன். அந்த வேலையை எனக்கு வைக்காதே, பிள்ளை.

நீ நன்றாக இருப்பாய்.

நிறத்தூண்களுக்கு நடுவிலிருந்து,
உன் அப்பா
கேதீஸ்வரன்