இந்த வருஷ மெடிக்கல்

பிப்ரவரி 4

அடேய் கொக்கு,

பேப்பர்ல உன் போட்டோ பார்த்தேன். பைலட் பயிற்சிப் பிரிவுக்கே தலைவராமே! இனிமே கம்பெனியில எவனா இருந்தாலும் உன் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டிக் காட்டணுமாம். ஸ்கூல் படிக்கறப்போ என்னை சைக்கிள்ல டபுள்ஸ் ஏத்திட்டுப் போய்ச் சாக்கடையில தள்ளின பய நீ. அதை யாரும் அந்த நிருபர்கிட்ட சொல்லலை போலிருக்கு.

என் வீட்டுக்காரி போட்டோவை வெட்டி வச்சிருக்கா. எனக்குப் பட்டது வேற. உன் காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் தாராளமாப் போகும். சாப்பிடறியா இல்லையா? டியூட்டி முடிஞ்சு வந்து கார்லயே உட்கார்ந்திருக்கியாம், மேல ஏறி வர அரைமணி ஆகுதாம். உன் சம்சாரம் இவகிட்ட சொல்லி வருத்தப்பட்டிருக்கா. கேட்டா பாட்டுக் கேட்கறேங்கறியாம். உனக்கும் பாட்டுக்கும் என்னடா சம்பந்தம்?

மாசக் கடைசியில உன் மெடிக்கல், நீ பறக்கத் தகுதியான்னு வருஷா வருஷம் பார்க்கறது. வழக்கம்போல என்கிட்டதான் வரணும், நான்தான் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு: ஒழுங்காத் தூங்கறியா? கடிதத்துலயே சொல்லு. போன்ல பேசினா கேப்டன் குரலை எடுத்துவிட்டு என்னை ஏமாத்திடறே.

ஒரு காலத்துல ஒல்லியா இருந்த,
ஊசி

பிப்ரவரி 11

அன்புள்ள ஊசிக்கு (இப்போ கடப்பாரை),

நலம். ஹோட்டல் ரூம்ல இருந்து எழுதறேன். இந்த ரூம்ல ஜன்னலைத் திறக்கவே முடியாது. ரிசப்ஷன்ல கேட்டேன், பாதுகாப்புக்காக மூடியே வச்சிருக்காங்களாம். காலையில ஒரே மாதிரி முட்டை, ஒரே மாதிரி ரொட்டி. எந்த ஊர்ல இருக்கேங்கறதே சாவியைப் பார்த்தாத்தான் தெரியுது.

பதவி வந்ததுல மாமனார் வீட்ல ஒரே தடபுடல். மச்சான் தன் பையனைக் கூட்டிட்டு வந்து, "மாமாவைப் பாரு, எதுக்கும் அசராத மனுஷன்"னு என்னைச் சுத்திக் காட்டினான். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகளுக்கும் பெருமை தாங்கலை.

மெடிக்கலை எப்பவும் போல முடிச்சிடலாம்டா. நீ ஊசி குத்து, நான் கத்தறேன், அப்புறம் டீ. நடுவுல பேச்செல்லாம் வேண்டாம்.

கொக்கு

பிப்ரவரி 15

கொக்கு,

தூங்கறியான்னு கேட்டேன். திறக்காத ஜன்னலைப் பத்தி எழுதியிருக்கே.

மறுபடியும் கேட்கறேன். நீ எழுதற வரைக்கும் கேட்பேன். நான் எவ்வளவு பெரிய தொல்லைன்னு உனக்குத் தெரியும்.

ஊசி

பிப்ரவரி 20

ஊசி,

தூங்கலைடா. எப்போ நல்லாத் தூங்கினேன்னு ஞாபகமே இல்லை. அழுகை வேற வருது. குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறேன், வெளியில கேட்கக்கூடாதுன்னு. எதுக்கு அழறேன்னு சத்தியமாத் தெரியலை. அப்பா போனப்பகூட அழாம நின்னு எல்லா வேலையும் பார்த்தவன் நான்.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. கீழ கண்ட்ரோல் டவர்ல இருந்து, இறங்க வேண்டிய உயரத்தைச் சொன்னாங்க. வாய் சரியாத் திருப்பிச் சொல்லுச்சு. கை கருவியில வேற உயரத்தை வச்சுது. பக்கத்துல இருந்த கோ-பைலட் பொண்ணு, "சார், இதை ஒரு தடவை பாருங்க"ன்னா. பார்த்தேன், தப்பான உயரம். பின்னாடி அத்தனை ஜனம். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ கவனிக்கறியான்னு சோதிச்சேன்"னேன். சிரிச்சேன். அந்தப் பொண்ணு எனக்கு நன்றி சொன்னாடா. இறங்கினப்புறம் மத்தவங்ககிட்ட, சார் இப்படித்தான் கத்துக்குடுப்பார்னு பெருமையாச் சொல்லிட்டிருந்தா. நான் காதுல விழாத மாதிரி நடந்துட்டேன்.

இது வெளியில தெரிஞ்சா என்னை இறக்கி உட்கார வச்சிடுவாங்க. அப்புறம் நான் யாரு? வீட்ல, வேலையில, எல்லாரும் என் மேல சாய்ஞ்சு நிக்கறாங்க. நான் சாயறதுக்கு இடம் எங்கடா இருக்கு?

இதை நண்பனாப் படி. டாக்டராப் படிக்காதே. கையெழுத்து மட்டும் போட்டுடு, கெஞ்சிக் கேட்கறேன்.

கொக்கு

பிப்ரவரி 27

என் கொக்குக்கு,

நேத்து நீ வந்துட்டுப் போனப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை நான். நீ டீயைக் குடிச்சே, ஜோக் அடிச்சே, கை நடுங்காம ஒத்தக்கால்ல நின்னு காட்டினே. ரத்தம், கண்ணு, காது எல்லாம் சுத்தம். பேனாவை எடுத்தேன். போட முடியலை.

கையெழுத்துப் போடலைடா. இப்போதைக்குப் பறக்கக்கூடாது, சிகிச்சை வேணும்னு எழுதி அனுப்பிட்டேன். உன் கடிதத்தை யார்கிட்டயும் காட்டலை. நேத்தே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கணும், எனக்குத் தைரியம் வரலை. என் கூடப் படிச்ச ஒரு மனநல டாக்டர் அம்மா இருக்காங்க, விலாசம் கீழ எழுதியிருக்கேன். குணமாகித் திரும்பிப் போய்ப் பறக்கறவங்க உண்டு, நானே பார்த்திருக்கேன். ஆனா உனக்கு நிச்சயமாத் திரும்பக் கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

உன் பொண்ணுக்கு அப்பா வேணும்டா. கேப்டன் வேணும்னா கம்பெனி வேற ஆளைத் தேடிக்கட்டும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். வாசல்லயே நிக்க வச்சுத் திட்டினாலும் சரி.

உன் ஊசி

மார்ச் 6

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் கம்பெனி உத்தரவும் ஒரே நாளில் கிடைத்தன. நம்பி எழுதியதற்கு நல்ல மரியாதை செய்தீர்கள். பயிற்சிப் பிரிவுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். மச்சான் விசாரிக்க வந்தார். முதுகுவலி என்று சொல்லி அனுப்பினேன்.

தாங்கள் எழுதிய டாக்டர் அம்மாவிடம் போனேன். தங்களுக்காக அல்ல, கம்பெனி கட்டாயம். அவர் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். வழக்கம்போல நலம் என்றேன். அவர் மறுபடியும் கேட்டார்.

மனைவியிடமும் மகளிடமும் உள்ளதைச் சொன்னேன். மனைவி, "எனக்குத் தெரியும்" என்றாள். மகள், "எப்பப்பா திரும்பப் போவீங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவளுக்கு நான் அப்படி ஒரு பதில் சொன்னதே கிடையாது. ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படியே சோபாவில் தூங்கிப் போயிருக்கிறேன். விழித்தபோது சாயங்காலம். யாரோ வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

தங்கள்மேல் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தீர்கள். வந்தால் நான் பேசுவதாக இல்லை.

பேசாம பக்கத்துல உட்கார முடியும்னா வாடா.

கொக்கு